விபத்தில்லாத ஆண்டின் பரிசு

1

ஜார்ஜியா என்று ஒரு நாடு இருப்பது வளைகுடாவில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஊரில் இருக்கும் நீங்கள் அதைக் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. இங்கே அஜ்மானில் எந்த டிராவல்ஸ் கடையின் கண்ணாடியைப் பார்த்தாலும் ஒரு பனிமலைப் படம் ஒட்டியிருக்கும். எமிரேட்ஸ் குடியிருப்பு அட்டை கையில் இருந்தால் தனியாக விசா எடுக்காமல் போகலாம். விமானத்தில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் இறங்கிவிடலாம். ஐரோப்பாவுக்குப் போக வசதி இல்லாதவர்கள் அங்கே போய் நின்று படம் எடுத்து, ஐரோப்பா என்று ஸ்டேட்டஸ் போடுவார்கள்.

போன கார்த்திகையில் நானும் போனேன். என் காசில் இல்லை, கம்பெனி கூட்டிக்கொண்டு போனது. மலையடிவாரத்தில் ஒயின் செய்கிற ஒரு குடும்பம், வருகிறவர்கள் உட்கார்ந்து ருசி பார்ப்பதற்கென்று சின்னக் கூடம் ஒன்று கட்டி வைத்திருக்கிறது. ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர், வெளியே பனிமலை. அங்கே உட்கார்ந்து கிண்ணம் கிண்ணமாகக் குடித்துப் பார்த்தேன். இதைக் கேள்விப்பட்ட ஒரு தம்பி, "பயண அனுபவமா எழுதி அனுப்புங்கண்ணே, ஜாலியா" என்று ஊரிலிருந்து கேட்டார். எழுத உட்கார்ந்தால் ஜாலியாக வரவில்லை. வந்ததை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மலேசியாவில் செம்பனைத் தோட்டம், பிறகு சவுதியில் அல் கோபார், அங்கிருந்து தோஹா தொழில்பேட்டை. அங்கே கேம்ப் மாறி மாறிப் படுத்ததில் மூட்டைப்பூச்சியிலேயே எத்தனை ஜாதி உண்டு என்று தெரிந்துகொண்டேன். ஒரே இடத்தில் எனக்குக் கால் தரிக்காது. கடைசியாக ஒட்டிக்கொண்டது அஜ்மான். உயரமான கட்டடங்களுக்கு வெளியே இரும்புக் குழாயில் சாரம் கட்டுகிற வேலை. இப்போது பத்துப் பேருக்குத் தலைவன். சார்ஜ்ஹேண்ட் என்பார்கள். வெயில், பசி, கேம்ப் குளியலறை வரிசை பற்றியெல்லாம் ஏற்கெனவே நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் குறை இல்லை. குறை வேறு ஒன்றில்.

2

எங்கள் சைட் வாசலில் ஒரு பச்சைப் பலகை உண்டு. விபத்தில்லாமல் கடந்த நாட்கள் என்று மேலே எழுதியிருக்கும், கீழே எண். தினமும் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அந்தப் பலகைக்கு முன்னால் வரிசையாக நிற்போம். பாதுகாப்பு அதிகாரி இந்தியில் பத்து நிமிடம் பேசுவார். பேசி முடித்ததும் அவருடைய ஆள் பழைய எண்ணை அழித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுவான். நாங்கள் கை தட்டுவோம். பிறகு யல்லா, வேலைக்கு.

இந்தப் பயணத்துக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே கார்த்திகை மாதத்தில், கருப்பையா என்பவன் எங்கள் சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். சிவகங்கைப் பக்கத்துக்காரன். கேம்ப் ரூமில் என் பக்கத்துக் கட்டில். மறுநாள் காலையிலும் அந்தப் பலகையில் ஒன்று கூடியது. எல்லோரும் கை தட்டினார்கள் என்று சொன்னார்கள்.

எப்படிக் கூடியது என்று சொல்கிறேன். டியூட்டி முடிந்து சங்கு ஊதியாயிற்று. ஆட்கள் பஸ்ஸில் ஏறியாயிற்று. கருப்பையா ஏறப்போகும்போது போர்மேன் தங்கவேலு அவனைப் பெயர் சொல்லித் திரும்பக் கூப்பிட்டதை பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நல்ல காற்று. மேலே பாதுகாப்பு வலை ஒரு முனை அவிழ்ந்து அடித்துக்கொண்டிருந்தது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. கட்டடத்தின் பின்பக்கம் முதலில் ஓடியவர் தங்கவேலு. அவர் வேறு யாரையும் பக்கத்தில் விடவில்லை.

கம்பெனி சொன்னது இது: டியூட்டி முடிந்த பிறகு, யாரும் சொல்லாமல், தானாக மேலே ஏறினான். அப்படி ஏறியவன் கம்பெனியின் விபத்துக் கணக்கில் வரமாட்டான். எதற்காகத் தானாக ஏறினான் என்று யாராவது கேட்டால் பதில் வேண்டுமே. அந்தப் பதிலைத் தங்கவேலு கொடுத்தார். ஊருக்குப் போன் போட்டு, கருப்பையாவின் மனைவி பாண்டியம்மாளிடம், "கொஞ்சம் குடிச்சிருந்தான் போலம்மா" என்றார்.

இழப்பீட்டைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அது முடிந்துபோனது. நான் எழுதுவது அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றி.

கருப்பையா அப்போது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான்.

ஊரில் மாலை போடுவது பெரிய காரியமில்லை. கேம்ப்பில் மாலை போடுவது எப்படி என்று போட்டுப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். எட்டுப் பேர் படுக்கும் ரூமில் ஏழு பேர் மீன் குழம்பு வைப்பார்கள். காலை டியூட்டிக்கு முன்னால் எழுந்து, குளியலறை வரிசையில் முதல் ஆளாக நின்று, பச்சைத் தண்ணீரில் குளிக்க வேண்டும். தனிச் சட்டியில் தனிச் சமையல். மாலை வெளியே தெரிந்தால் மெஷினில் சிக்கும் என்று பாதுகாப்பு அதிகாரி கழற்றச் சொல்வார். அதனால் அதைப் பனியனுக்குள் விட்டு, மேலே கவரால் என்கிற முழு உடுப்பைப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிடுவான். ரூமில் எல்லோரும் அவனைச் சாமி என்றுதான் கூப்பிட்டார்கள். நைஜீரியாக்கார வாட்ச்மேன்கூட "மார்னிங் சாமி" என்பான். தை பிறப்பதற்கு முன்னால் லீவு வாங்கி ஊர்க் குழுவோடு மலைக்குப் போவதாக இருந்தான்.

கம்பெனிக்காரர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. கழுத்தில் கிடந்தது அவர்களுக்கு ஏதோ கறுப்பு மணி. தங்கவேலுவுக்குத் தெரியும். அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். அவரே முன்பு இரண்டு தடவை மலைக்குப் போனவர்.

3

அந்தச் சமயம் நான் லீவில் ஊரில் இருந்தேன். உடல் வருகிறது என்று தெரிந்ததும் பஸ் பிடித்துக் கருப்பையா வீட்டுக்குப் போனேன். பெட்டி வந்து இறங்கியது. திறந்தார்கள். எல்லோரும் அழுதார்கள். பாண்டியம்மாள் அழவில்லை. குனிந்து, அவன் தாடைக்குக் கீழே கையை விட்டுத் தேடினாள். வலது பக்கம் தேடினாள், இடது பக்கம் தேடினாள், சுற்றியிருந்த வெள்ளைத் துணியை விலக்கி மார்பு வரை தேடினாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

மாலை இல்லை.

அதுவரை அவள் தங்கவேலு சொன்னதை நம்பவில்லை. அந்த நிமிடத்தில் நம்பினாள். பக்கத்தில் நின்றவர்களும் நம்பினார்கள். மாலையோடு குடிக்க முடியாது, ஆகவே கழற்றி வைத்துவிட்டுக் குடித்திருக்கிறான். எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவையில்லை. ஒருவன் குடித்துச் செத்தால் மறந்துவிடுவார்கள். மாலையைக் கழற்றிக் குடித்துச் செத்தான் என்றால் அது வீட்டின் மேல் நின்றுவிடும்.

நான் சொல்லிப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் உடையோடு சேர்த்து எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்கள் என்றேன். அப்படியானால் உடைமைகளோடு வந்திருக்குமே என்றார்கள். வாட்ச் வந்திருந்தது, இடுப்பில் கிடந்த வெள்ளிக் கொடி வந்திருந்தது, மாலை வரவில்லை. கூட வந்த காகிதத்தில் குடியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று காட்டினேன். "அரபியில எழுதியிருந்தா நமக்கு என்ன தெரியும்" என்றார்கள். ரூம் ஆட்களைப் போனில் பேச வைத்தேன். "சேந்து குடிச்சவக மறைக்கத்தானே செய்வாக" என்று பாண்டியம்மாளின் மாமியார் சொல்லிவிட்டார். என்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

அந்த ஊர் ஐயப்பன் குழுவுக்கு ராமையா என்பவர் குருசாமி. அவர்தான் எல்லோருக்கும் மாலை போட்டு, இருமுடி கட்டி, மலைக்குக் கூட்டிப்போகிறவர். கருப்பையாவுக்கு மாலையை அனுப்பி வைத்தவரும் அவரே. சாவுக்கு அவர் வரவில்லை. தெரு முனையில் நின்று, நாலு பேர் கேட்க, "இனிமே அந்த வீட்டுலருந்து எவனுக்கும் நான் இருமுடி கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

லீவு முடிந்து திரும்பியதும் தங்கவேலுவிடம் கேட்டேன். நீங்கள் தூக்கியபோது கழுத்தில் மாலை இருந்ததா, இல்லையா? வேறு எதுவும் வேண்டாம், அவளிடம் அதை மட்டும் சொல்லிவிடுங்கள் என்றேன். "முடிஞ்சுபோனத நோண்டாத சேகரு" என்றார். அடுத்த வருஷமும் கேட்டேன். எனக்கு வெள்ளிக்கிழமை ஓவர்டைம் நின்றது. அது போகட்டும்.

போன கார்த்திகை பிறந்ததும் கருப்பையாவின் மகன் மாலை போட்டுக்கொள்ளப் போயிருக்கிறான். கல்லூரிக்குப் போகிற வயது. ராமையா குருசாமி, வரிசையில் நின்றவர்கள் முன்னால் அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார். பாண்டியம்மாள் எனக்குப் போன் செய்தாள். "அவரு போனது போச்சுண்ணே. இவன் வந்து மூலையில உக்காந்துக்கிட்டு, அப்பன மாதிரி நானும் குடிச்சே செத்துப்போறேன்னு சொல்றான்" என்றாள். அவள் குரலில் என்னிடம் கேட்கிற பாவனை எதுவும் இல்லை. தகவல் சொல்வது போலச் சொன்னாள்.

அதே வாரத்தில்தான் கம்பெனியில் அறிவித்தார்கள். விபத்தே இல்லாமல் இத்தனை ஆண்டுகள் ஓட்டியதற்காகப் பாதுகாப்பு விருது கிடைத்திருக்கிறது, தேர்ந்தெடுத்த சிலருக்கு ஜார்ஜியா சுற்றுலா. பட்டியலில் முதல் பெயர் தங்கவேலு. என் பெயரும் இருந்தது. மாட்டேன் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, கம்பெனி இல்லாத இடத்தில் இந்த மனுஷனை ஒரு தடவை உட்கார வைத்துக் கேட்டுவிடலாம் என்று போனேன்.

4

போய் இறங்கிய இடத்திலேயே ஒரு மரியாதை கிடைத்தது. என் அட்டையில் தொழில் ஹெல்பர் என்று இருக்கிறது. வந்த புதிதில் போட்டது, யாரும் மாற்றவில்லை. பாஸ்போர்ட் கவுண்டரில் இருந்த பெண் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "ஹெல்பர்? டூரிஸ்ட்?" என்றாள். தங்கவேலு அட்டையில் சூப்பர்வைசர், அவர் போய்விட்டார். என்னை ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பெஞ்சில் என்னைப் போலவே எமிரேட்ஸிலிருந்து வந்த இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தார்கள். மலை பார்ப்பதற்கும் தொழில் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசியில் எங்களை அழைத்துப்போக வந்திருந்த வழிகாட்டிப் பெண், நீனோ என்று பெயர், கம்பெனிக் கடிதத்தைக் காட்டிச் சண்டை போட்டு என்னை வெளியே எடுத்தாள். வளைகுடா இந்தியர்கள் வந்து வந்து அவள் இந்தி பேசப் பழகியிருந்தாள். "ஆப் சிந்தா மத் கரோ பாய்" என்றாள், கவலைப்படாதே என்று.

வெளியே வந்ததும் எல்லோரும் செய்த முதல் வேலை, ஊருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ போட்டதுதான். உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எமிரேட்ஸில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேச முடியாது. அடைத்து வைத்திருக்கிறார்கள். பேசுவதற்கு வேறு ஆப் வேண்டும், ஊரில் இருப்பவரும் அதையே வைத்திருக்க வேண்டும். ஜார்ஜியாவில் எதுவும் அடைப்பில்லை. அவனவன் பனிமலையை வீட்டுக்குக் காட்டிக்கொண்டு நின்றான். நானும் மகளைக் கூப்பிட்டேன். மதுரையில் படிக்கிறாள். "வாவ் டாடி, செம ஃப்ரேம். கொஞ்சம் லெஃப்ட்ல நில்லுங்க, உங்க ஜாக்கெட் மறைக்குது" என்றாள். அப்பா எப்போது டாடி ஆனது என்று எனக்குத் தெரியாது, நான் ஊரில் இல்லாத ஏதோ ஒரு மாதத்தில் நடந்திருக்கும். மறைக்காமல் நகர்ந்து நின்றேன். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, கிளாஸ் இருக்கிறது என்று வைத்துவிட்டாள்.

ஒயின் செய்கிற வீட்டுக்கு மறுநாள் போனோம். வீட்டுக்காரர் கியோர்கி, பெரிய மீசை, கை இரண்டும் மண்வெட்டி மாதிரி. முதலில் தரைக்கு அடியில் ஒயின் இருக்கும் இடத்தைக் காட்டினார். ஆள் உயர மண்பானைகளைக் கழுத்துவரை புதைத்து வாயை மூடி வைத்திருக்கிறார்கள். திராட்சையைத் தோலோடும் காம்போடும் உள்ளே போட்டு மாதக்கணக்கில் மூடிவிடுவார்களாம். எங்கள் ஸ்டோர்கீப்பர் நைனா முகமது கீழக்கரைக்காரர். வயதில் மூத்தவர் என்பதால், அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வது போல நாங்களும் அவரைக் காக்கா என்போம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, நம்ம பக்கம் மண்ணத் தோண்டினா வருமே, செத்தவங்கள வெச்சுப் பொதைக்கிற தாழி, அது மாதிரியே இருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மேலே கூடத்தில் நீள மேசைகள். பாதுகாப்பு அதிகாரியும் அலுவலக ஆட்களும் கண்ணாடிச் சுவர் ஓரத்து மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். விருது பேனரைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். உள்பக்க மேசையில் தங்கவேலு, நைனா காக்கா, நான். ரொட்டி, பாலாடைக்கட்டி, வால்நட் வந்தது. காக்காவுக்கு மாதுளஞ்சாறு. ருசி பார்ப்பது என்றால் வாயில் வைத்துக் கொப்புளித்து ஒரு வாளியில் துப்ப வேண்டுமாம். வாளியை நடுவில் வைத்தார்கள். தங்கவேலு அதைக் காலால் தள்ளி வைத்தார். "துப்பவா இம்புட்டுத் தூரம் வந்தோம்" என்றார். அதற்கு நானும் சிரித்தேன் என்பதை மறைக்கப்போவதில்லை. ஒயின் தேன் நிறத்தில் இருந்தது, கடுக்காய் மாதிரித் துவர்த்தது. கலாஸ் கலாஸ், போதும் போதும் என்று நான் கிண்ணத்தைக் கையால் மூடினாலும் கியோர்கி விரலை விலக்கிவிட்டு ஊற்றினார்.

5

அவர்கள் சும்மா குடிப்பதில்லை. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் முன்னால் ஒருவர் எழுந்து எதற்காகக் குடிக்கிறோம் என்று சொல்ல வேண்டும். முதல் கிண்ணம் கடவுளுக்கு. இரண்டாவது விருந்தாளிகளுக்கு. மூன்றாவது ஊற்றியதும் கியோர்கி உட்காரவில்லை. ஒரு ரொட்டித் துண்டில் சில சொட்டு விட்டார். நீனோ இந்தியில் சொன்னாள்: இது செத்துப்போனவர்களுக்கு. ஒவ்வொருவரும் தன் ஆளின் பெயரைச் சொல்ல வேண்டும்.

காக்கா தன் வாப்பா பெயரைச் சொன்னார். தங்கவேலு எழுந்து, "எங்க ஐயா" என்று தகப்பனார் பெயரைச் சொன்னார். கண் கலங்கியிருந்தது, நடிப்பு இல்லை. என் முறை வந்தது. கருப்பையா என்று சொன்னேன்.

தங்கவேலு உட்கார்ந்து கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இங்க வந்து எதுக்குப்பா அந்தப் பேச்சு?"

"செத்தவங்களுக்குத்தானே குடிக்கச் சொல்றாரு. நம்ம ரெண்டு பேருக்கும் பொதுவாச் செத்தவன் அவன் ஒருத்தன்தான்."

"டியூட்டி முடிஞ்சு ஏறினான். நான் என்ன செய்ய?"

"யாரு ஏத்திவிட்டது?"

"காத்து அடிச்சுச்சு. வலை பறந்துச்சு. எவனாச்சும் கட்டணும்ல?"

"அத நான் கேக்கல. அவன் கழுத்துல மாலை கெடந்துச்சா இல்லையா, அதச் சொல்லுங்க."

"மூணு வருசமா இதையே கேட்டுக்கிட்டிருக்க. அவன் உனக்கு என்ன, சொக்காரனா?"

"இல்ல. பக்கத்துக் கட்டில்."

நைனா காக்கா மெதுவாகச் சொன்னார்: "தங்கவேலு, ஒத்த வார்த்தைதானேப்பா."

"ஒங்களுக்குத் தெரியாது காக்கா. நான் இங்க ஒண்ணு சொன்னா நாளைக்கு மேனேஜர் மேசைக்குப் போகும். எனக்கு ரெண்டு பிள்ளை படிக்குது."

அவனுக்கும் ஒரு பிள்ளை படிக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. எனக்கு எல்லாவற்றின் மேலும் கோபம். அந்தப் பச்சைப் பலகை மேல், கை தட்டிய கைகள் மேல், செத்தவனை வைத்து வாங்கிய பரிசை வெள்ளைத் துணி விரித்த மேசையில் குடித்துக்கொண்டிருந்த எங்கள் மூன்று பேர் மேல். அந்த மலை மேலும்தான், சத்தியமாக. அவ்வளவு அழகாக நிற்க அதற்கு என்ன அவசியம் வந்தது? போனை எடுத்தேன். பாண்டியம்மாளுக்கு வீடியோ போட்டேன்.

ஊரில் மத்தியானம். அவள் உடனே எடுத்துவிட்டாள். கையில் வெங்காயம்.

"அண்ணே? என்னண்ணே பின்னாடி வெள்ளையாத் தெரியுது?"

"பனிமலைம்மா."

"நல்லாருக்கு."

"பாண்டியம்மா, தங்கவேலு அண்ணன் பக்கத்துல இருக்காரு."

வெங்காயத்தைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். "குடுங்க" என்றாள்.

தங்கவேலு வாங்கவில்லை. போனை நான் தண்ணீர்ச் சாடியில் சாய்த்து அவர் முகத்துக்கு நேராக நிறுத்தினேன். அவருக்குப் பின்னால் சுவர், பக்கத்தில் காக்கா, எழுந்து போக முடியாது.

"நல்லாருக்கீகளாண்ணே" என்றாள் பாண்டியம்மாள். அவர் தலையசைத்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். நீங்க போய் அவரத் தூக்குறப்ப, கழுத்துல மாலை கெடந்துச்சா?"

தங்கவேலு கண்ணாடிச் சுவர்ப் பக்கம் பார்த்தார். அங்கே பாதுகாப்பு அதிகாரி பேனரைப் பிரித்துக்கொண்டிருந்தார். கியோர்கி கிண்ணத்தோடு இன்னும் நின்றுகொண்டிருந்தார். அவர்கள் வழக்கப்படி, பெயர் சொன்ன பிறகு எல்லோரும் குடிக்கும்வரை உட்காரக் கூடாது போலிருக்கிறது.

"கெடந்துச்சும்மா" என்றார்.

"கேக்கலண்ணே."

"கெடந்துச்சு."

"பெறகு எங்க போச்சு?"

"நான்தான் கழட்டுனேன். மேனேஜருக்குப் போன் பண்ணேன். சொல்லாம ஏறினான்னு சொல்லச் சொன்னாரு. ஏன் ஏறினான்னு ஊருல கேப்பீக. குடிச்சான்னு சொன்னா முடிஞ்சிரும்னு பட்டுச்சு. மாலையோட குடிச்சான்னு சொன்னா எவனும் நம்ப மாட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "எங்கயும் எறியலம்மா. கும்பிட்டுக் கடல்லதான் விட்டேன்" என்றார்.

"குடிச்சிருந்தாரா?"

"இல்லம்மா. தண்ணி கேட்டான். அவ்வளவுதான்."

கருப்பையா விழுந்த பிறகும் உயிரோடு இருந்தான் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். பாண்டியம்மாளுக்கும்தான். பிறகு, "இருங்க, வைச்சுராதீக" என்றாள்.

படம் ஆடியது. தரை தெரிந்தது, ஒரு கட்டில் கால் தெரிந்தது, பிறகு மாமியாரின் முகம். "அத்தே, இந்தா அந்த கம்பெனிக்காரரு. கேளுங்க. அண்ணே, சொல்லுங்க." தங்கவேலு சொன்னார். "சத்தமாச் சொல்லுங்க, அத்தைக்குக் காது கேக்காது." மறுபடி சொன்னார். அந்தக் கிழவி போனின் கண்ணாடியைக் கையால் தடவினார். திரை முழுக்க விரல்.

மீண்டும் படம் ஆடியது. இப்போது வெயில். தெரு. பாண்டியம்மாள் நடக்கிறாள், மூச்சு கேட்கிறது. ஒரு டீக்கடைப் பாய்லர். "மாமா, இதக் கேளுங்க. நீங்களும் அன்னிக்குப் பேசினீகல்ல. அண்ணே, சொல்லுங்க."

"எம்மா, எத்தன பேருக்கும்மா" என்றார் தங்கவேலு.

"நீங்க எனக்கு ஒருத்திக்குத்தான் சொன்னீக. அது எத்தன பேருக்குப் போச்சுன்னு எனக்குத்தாண்ணே தெரியும்."

டீக்கடையிலும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வாக்கியம் சின்னதாகிக்கொண்டே வந்தது. நைனா காக்கா அவர் தோளில் கை வைத்திருந்தார். ஆறுதலுக்கா, எழவிடாமல் பிடிக்கவா என்று நான் கேட்கவில்லை. கண்ணாடிச் சுவர்ப் பக்கமிருந்து பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டார், "தங்கவேலு பாய், ஆவோ ஆவோ, குரூப் போட்டோ." பேனரின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நீனோ அவர் பக்கம் திரும்பி, போனைக் காட்டி, பொறுக்கச் சொல்லிக் கையசைத்தாள். அவளுக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

திரையில் ஒரு வீட்டு வாசல். கறுப்பு வேட்டி, வெற்று மார்பு, கழுத்து நிறைய மணி. ராமையா குருசாமி.

"சாமி, இவரு உங்ககிட்டப் பேசணும்."

அவர் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். "நீங்க யாருங்க?"

தங்கவேலு வாயைத் திறந்தார். கம்பெனிக்காரர் என்று சொல்வார், போர்மேன் என்று சொல்வார் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு அவன மேல ஏறச் சொன்னவன், சாமி" என்றார். பிறகு மாலையைப் பற்றி, குடியைப் பற்றி, தண்ணீர் கேட்டது பற்றி எல்லாவற்றையும் சொன்னார். இந்தத் தடவை எதையும் சுருக்கவில்லை.

ராமையா போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சரிம்மா. உள்ள வா. பையன் விசயத்த உக்காந்து பேசுவோம்" என்றார்.

"உள்ள வரல சாமி" என்றது பாண்டியம்மாளின் குரல். "அன்னிக்கு நீங்க தெருவுல நின்னுதானே சொன்னீக. இன்னிக்கும் தெருவுக்கு வாங்க. அண்ணே, வைச்சுராதீக."

அவர் நின்றார். பிறகு தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவர் படியிறங்கித் தெருவுக்கு வருவது திரையில் தெரிந்தது.